வலப்பக்கக் கப்

கூச்சக்காரன் கையில் ஒருபோதும் ஸ்பானரைக் கொடுக்கக் கூடாது. வாய் திறக்கப் பயந்து அவன் எதையாவது கழற்றத் தொடங்கிவிடுவான். நான் பெண் பார்க்கப் போன வீட்டில் ஒரு சைக்கிளை முடித்துவைத்தது அப்படித்தான்.

யாழ்ப்பாணத்தில் யுத்தமும் பொருளாதாரத் தடையுமான காலம். பெற்றோல் இல்லை, மண்ணெண்ணெய் பொன் மாதிரி. நான் நீர்வேலியில் வாழைக்குலைகளைச் சைக்கிளில் கட்டிச் சந்தைக்குக் கொண்டுபோய்ப் பிழைத்துக்கொண்டிருந்தேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டுவிட்டது. (நான்தான் அதை விட்டேன் என்று சொன்னால் கொஞ்சம் மரியாதையாக இருக்கும்.) உரும்பிராயில் ஒரு பெண் இருக்கிறாள் என்று சித்தப்பா என்னைக் கூட்டிக்கொண்டு போனார்.

பனங்கட்டியோடு தேத்தண்ணீர் வந்தது. கொண்டுவந்தவளின் பெயர் யோகம் என்று சித்தப்பா முன்பே சொல்லியிருந்தார். நான் கோப்பையைத்தான் பார்த்தேன். அவளுடைய தகப்பன் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் என் கால் பெருவிரலைப் பார்த்துத் தலையாட்டினேன். சித்தப்பாவுக்குப் பொறுக்கவில்லை.

"பெடியன் கதைக்கமாட்டான். ஆனா கைவேலைகாரன். சைக்கிளை முழுசாக் கழட்டிப் பூட்டுவான்."

(எனக்கு ரியூப்புக்கு ஒட்டுப் போடத் தெரியும். அதுவும் விடிய முதல் காற்றுப் போய்விடும்.)

தகப்பனின் முகம் மாறியது. "அப்பிடியே தம்பி? எங்கடை பெடியன்ரை சைக்கிள் ஒண்டு கிடக்கு."

அந்தப் 'பெடியன்' யோகத்தின் அண்ணன். பாதைகள் பூட்டியிருந்ததால், வவுனியாவுக்குப் போகவென்று சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு கிளாலிக் கடலேரியில் படகேறியவர். படகு தண்ணீர் நிறைந்து வேறொரு கரையில் ஒதுங்கியது. சைக்கிள் உள்ளே உப்புத் தண்ணீருக்குள் கிடந்தது. ஆள் இல்லை. செத்துவிட்டார் என்றும் ஒருவரும் சொல்லவில்லை, இருக்கிறார் என்றும் சொல்லவில்லை.

அன்றிலிருந்து தகப்பன் கிழமைக்கு ஒருதரம் கிளாலிக்குப் போவார். வந்திறங்கும் சனத்திடம் மகனின் படத்தைக் காட்டிக் கேட்பார். கண்டவர் தெரிந்தவர் சைக்கிளில் தொற்றியும் நடந்தும் போய், முழங்கால் இரண்டும் வீங்கிவிட்டன. மகனின் சைக்கிள் ஓடினால் அவர் தொடர்ந்து போகலாம். ஆனால் பெடல் அச்சு உப்பில் இறுகிக் கிடந்தது. கழற்றித் துடைத்துக் கிறீஸ் பூசினால் ஓடும், உடைந்தால் மாற்றச் சாமான் வராது என்று சைக்கிள் கடைக்காரர் சொல்லிவிட்டாராம்.

"ஏலுமே தம்பி?" என்றார்.

ஏலாது என்று சொல்ல வாய் திறக்க வேண்டும். நான் எழுந்து ஸ்பானரை வாங்கினேன்.

தொடக்கம் நன்றாகத்தான் இருந்தது. அதுதான் பிழை. பெடல் கட்டைகள் இரண்டும் சுத்தியல் அடிக்குக் கழன்றன. அச்சை இரண்டு பக்கமும் தாங்கும் திருகுக் கப்புகளில் இடப்பக்கக் கப் கொஞ்சம் அழுதுவிட்டு வந்தது. அச்சு வந்தது. போள்ஸ் என்கிற இரும்புக் குண்டுகள் துருப்பிடித்த மிளகு மாதிரிக் கொட்டுண்டன. யோகத்தின் தாய் அவற்றை ஒரு பேணி மூடியில் பொறுக்கினா. சித்தப்பா, 'சொன்னேனா இல்லையா' என்று எல்லாரையும் பார்த்தார்.

மிஞ்சியது வலப்பக்கக் கப். அது அசையவில்லை. நான் இழுத்தேன். சித்தப்பாவும் சேர்ந்து இழுத்தார். தகப்பன் உள்ளே போய் ஜாம் போத்தல் விளக்கைக் கொண்டுவந்து அதிலிருந்த மண்ணெண்ணெயைக் கப்பைச் சுற்றி ஊற்றினார். அந்த வீட்டில் அன்றிரவு வெளிச்சம் இல்லை என்பது எனக்குத் தெரியும். நான் இன்னும் பலமாக இழுத்தேன்.

அப்போதுதான் கதவு நிலைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்.

"மற்றப் பக்கம் திருப்பிப் பாருங்கோ. அண்ணை உந்தக் கப்பை மற்றப் பக்கம்தான் திருப்புறவர்."

யோகம் என்னோடு கதைத்த முதல் கதை அதுதான். அவள் சொன்னது சரி. எல்லாத் திருகும் இடப்பக்கம் திருப்பினால் கழலும், சைக்கிளின் வலப்பக்கக் கப் மட்டும் இறுகும். நான் அவ்வளவு நேரமும் அதை இறுக்கிக்கொண்டிருந்தேன்.

நான் நிறுத்தியிருக்கலாம். ஆனால் நிறுத்தினால் திரும்பிப் பார்க்க வேண்டும். பார்த்தால் அவளுக்கு ஏதாவது சொல்ல வேண்டும். அதைவிட, கேட்காத மாதிரி இருப்பது சுகமாகத் தெரிந்தது. ஸ்பானரின் பிடியில் ஒரு தண்ணீர்க் குழாயைச் செருகி, அதே பக்கத்துக்கே முழுப் பாரத்தையும் போட்டுத் தொங்கினேன்.

சடாரென்று ஒரு சத்தம். நான் நிலத்தில் இருந்தேன். கப் இருந்த இடத்திலேயே இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டிருந்த சைக்கிள் சட்டத்தின் குழாய்தான் வெள்ளரிப்பழம் மாதிரிப் பிளந்துவிட்டது.

தாய், "ஐயோ, என்ரை பிள்ளையின்ரை சைக்கிள்" என்று ஒருதரம்தான் சொன்னா. பிறகு பேணி மூடியை மடியில் வைத்துக்கொண்டா. சித்தப்பா வேலியைப் பார்த்தார். தகப்பன் பிளவை விரலால் தடவினார். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"சனிக்கிழமை கிளாலிக்குப் போகவேணும்" என்றார். எங்களிடம் அல்ல, சைக்கிளிடம்.

"நான் ஏத்திக்கொண்டு போறன்" என்றது ஒரு குரல். யாரடா என்று பார்த்தால் நான்.

வரும் வழியில் சித்தப்பா, "தேத்தண்ணி குடிக்கிற நேரத்துக்குள்ளை ஒரு குடும்பத்தின்ரை சைக்கிளை முடிச்சிட்டாய். கலியாணம் கட்டித் தந்தா என்னத்தை விடுவாய்?" என்றார்.

சனிக்கிழமை வாழைக்குலைக்குப் பதிலாக அந்த மனிதரைக் கரியரில் ஏற்றினேன். அடுத்த சனியும். அதற்கடுத்த சனியும். அவர் படத்தைக் காட்டுவார். சனம் பார்த்துத் தலையாட்டும். திரும்பி வருவோம். கைதடியில் ஒருநாள் காற்றடிக்க நின்றபோது சொன்னார்: "தனியப் போய்த் தனியத் திரும்பிறதுதான் பெரிய கஷ்டம். கதைக்க ஒரு ஆள் வேணும் எண்டு நினைச்சிருந்தன். நீரும் கதைக்கிறீர் இல்லை. அதுவும் பரவாயில்லை."

அடுத்த வருடம் யோகத்தை எனக்குக் கட்டிக்கொடுத்தார். வேறு யார் கிளாலிக்கு ஏற்றிக்கொண்டு போவார்கள் என்றுதான் தந்தார் என்று யோகம் இன்றும் சொல்லுவாள்.

தொண்ணூற்றைந்தில் இராணுவம் நெருங்க ஊரே வெளிக்கிட்டு நடந்த மழை இரவில், யோகத்தின் தாய், இப்போது என் மாமி, உடுப்பு மூட்டையை விட்டுவிட்டு அந்தப் பிளந்த சட்டத்தைத்தான் தூக்கிவந்தா. என் கரியரில் கட்டினேன். "உவனைப் பாருங்கோ, சைக்கிளுக்கு மேலை சைக்கிள் ஏத்திக்கொண்டு போறான்" என்று அந்த நெரிசலிலும் யாரோ சிரித்தார்கள். மாமியும் சிரித்தா. மகன் போன பிறகு அவ சிரித்ததை நான் கண்டது அன்றுதான்.

இப்போது எங்கள் வீட்டில் நான் ஊறுகாய்ப் போத்தலோடு மல்லுக்கட்டினாலும், கதவுச் சாவி சிக்கினாலும், மூன்று பிள்ளைகளும் ஒரே குரலில் கத்துவார்கள்: "அப்பா, மற்றப் பக்கம்!"

மாமாவும் மாமியும் போய்விட்டார்கள். சட்டம் வீட்டுக்குப் பின்னால் கோடிப்புறத்தில் தொங்குகிறது. கப் இன்னும் அதற்குள்தான். அண்ணன் கையால் பூட்டியது என்று நான் சொன்னால், "கடைசியா இறுக்கினது நீங்கள்" என்று யோகம் திருத்துவாள். எந்தப் பக்கம் திருப்பினால் கழலும் என்று எங்கள் வீட்டில் இப்போது எல்லாருக்கும் தெரியும். ஒருவரும் திருப்புவதில்லை.