ஒரே ஒரு சிவப்பு

"இன்னும் ஒண்ணுதான் சிவப்பு. அதுவும் உங்க வீட்டுலேர்ந்து வந்த புகார்!" என்று கமிஷனர் மேஜையைத் தட்டினார். "வெள்ளிக்கிழமை ஆலோசகர் வர்றார். போர்டு முழுக்கப் பச்சையா இருந்தா உங்க வேலை நிரந்தரம். இல்லேன்னா அன்னிக்கே நடையைக் கட்டலாம்."

புகார்ப் பிரிவு குமாஸ்தா சுவரிலிருந்த போர்டை நிமிர்ந்து பார்த்தார். பதினோரு வருஷமாகத் தற்காலிகம். படிக்கிற பெண்கள் இரண்டு பேர்.

நகராட்சியைச் சீர்திருத்துகிறோம் என்று வெளிநாட்டுப் பணத்தில் கம்ப்யூட்டர்களும் சுவர் அகலத்துக்கு ஒரு போர்டும் வந்திருந்தன. அந்தப் பணம் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கத்தான் ஆலோசகர் வருகிறார். புகார் கொடுத்தவர் தன் செல்போனில் 'திருப்தி' என்று அழுத்தினால்தான் சிவப்புப் புள்ளி பச்சையாகும். குறை நிஜமாகவே தீர்ந்ததா என்று போர்டு கேட்காது.

வீட்டுக்கு எதிரே சாக்கடைக் குழிக்கு மூடி இல்லை. இதுதான் புகார். கொடுத்தவர் மாமனார். முப்பது வருஷம் கடைகடையாக ஏறி எடைக்கல்லைச் சோதித்து ஓய்வு பெற்றவர். கடவுளே நேரில் வந்தாலும் தொட்டுப் பார்க்காமல் நம்ப மாட்டார்.

குமாஸ்தா என்ஜினியரிடம் ஓடினார்.

"மூடிக்கு எஸ்டிமேட் வேணும். அதைப் போடறவர் பயிற்சிக்குப் போயிருக்கார்."

"என்ன பயிற்சி சார்?"

"வேலையைச் சீக்கிரமா முடிக்கிறது எப்படின்னு. மூணு மாசம்."

அன்று மதியம் மாமனார் அசந்து தூங்கும்போது, குமாஸ்தா அவர் விரலை மெல்லப் பிடித்து, கைரேகைப் பூட்டைத் திறக்க அவருடைய செல்போனில் வைத்தார். கிழவர் கண்ணைத் திறந்தார்.

"என்ன மாப்பிள்ளை, சொத்து எழுதி வாங்குறீங்களா?"

"இல்ல மாமா... போன்ல தூசி. துடைச்சேன்."

"என் விரலாலயா?"

கோபத்தில் கிழவர் அதே புகாரை 'அவசரம்' என்று போட்டு மறுபடி அனுப்பினார். போர்டில் சிவப்புப் புள்ளி இப்போது மினுக்க ஆரம்பித்தது. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான்.

வியாழக்கிழமை சாயங்காலம் குமாஸ்தா, கம்ப்யூட்டர் வந்த பெட்டியைப் பிரித்து ஒரு மெல்லிய பலகையைத் தூக்கிவந்தார். சிமெண்ட் நிறத்தில் பெயிண்ட் அடித்துக் குழிமேல் வைத்தார். தூர நின்று பார்த்தால் கான்கிரீட்டே தோற்றுவிடும். மாமனாரை ஜன்னலுக்கு அழைத்துவந்து காட்டினார்.

"போட்டாச்சு மாமா. அழுத்திடுங்க."

"பார்க்க நல்லாத்தான் இருக்கு." கிழவர் முகம் மலர்ந்தது. "உங்களைக் குறைச்சு எடை போட்டுட்டேன் மாப்பிள்ளை. காலையில அழுத்துறேன்."

கல்யாணமாகிப் பதினேழு வருஷத்தில் மாமனார் சொன்ன முதல் நல்ல வார்த்தை, அதுவும் ஒரு பொய்க்கு. குமாஸ்தாவுக்குக் கூசியது. நாளைக்கு வேலை நிரந்தரமானதும் சொந்தக் காசில் நல்ல மூடியாக வாங்கிப் போட்டுவிட வேண்டும் என்று முடிவு செய்துகொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை, ஆலோசகர் எதிரில் மணியடித்தால் மரியாதைக் குறைவாகிவிடும் என்று எல்லோருடைய செல்போனையும் வாங்கி அலமாரியில் பூட்டினார்கள். பத்தரைக்கு ஆலோசகர் வந்தார். சிவப்பு மினுக்கிக்கொண்டே இருந்தது. கமிஷனர் குமாஸ்தாவைப் பார்வையாலேயே எரித்தார்.

ஆலோசகர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு நிமிர்ந்தார். அந்த நொடியில் புள்ளி பச்சையானது.

கைதட்டல் கூரையைப் பிளந்தது. கமிஷனர் நிரந்தர உத்தரவில் அங்கேயே கையெழுத்துப் போட்டார். குமாஸ்தாவுக்குக் கண் கலங்கியது. சொன்ன சொல் தவறவில்லை கிழவர்! சாயங்காலம் அவர் காலில் விழுந்து உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தார்.

பக்கத்து மேஜையில் இறப்புப் பதிவேடு பார்க்கும் அம்மாள் மட்டும் கைதட்டவில்லை. திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்:

"அதை யாரும் அழுத்தலை சார், புகார் குடுத்தவர் செத்துட்டா அது தானாவே பச்சையாயிடும், இப்பத்தான் ஆஸ்பத்திரிலேர்ந்து பதிவு வந்துச்சு, யாரோ பெரியவர், புது மூடி தாங்குதான்னு ஏறி நின்னு பார்த்தாராம்."