கத்தி என் வீட்டில்தான் இருக்கும்

மதிப்புக்குரிய வருங்காலச் சம்பந்தி கரியப்பன் அவர்களுக்கு,

மைசூர் அக்ரஹாரம் அய்யாசாமி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே யாவரும் நலம். அனூரில் தங்கள் நலமும் தங்கள் பட்டு வேட்டியின் நலமும் அறிய ஆவல்.

அந்தக் குக்ரிக் கத்தியைத் தூக்கிப் போட்டால்தான் கல்யாணம் என்று சொல்லியனுப்பினீர்களாம். போட மாட்டேன். ஆயுத பூஜையன்று பெண் பார்க்க வந்தது நீங்கள். அன்று அரிவாள்மனை முதல் நகவெட்டி வரை எல்லாம் பொட்டு வைத்துக்கொண்டு சாமி முன்னால் உட்கார்ந்திருக்கும், மறுநாள்வரை எடுக்கக் கூடாது என்பது உங்களுக்குத் தெரியாதா? என் குக்ரியையும் வைக்கத்தான் போனேன். என் மனைவி ராணி, "நேபாளத்துக் கத்திக்கு நம்ம சாமியப் பத்தி என்ன தெரியும்? வெளியவே இருக்கட்டும்" என்று விரட்டிவிட்டாள். ஆக, வீட்டில் வேலை செய்ய அனுமதி இருந்த ஒரே ஆயுதம் அதுதான். தேவராஜ மார்க்கெட்டில் உங்களுக்காக இளநீர் வாங்கியபோது சீவித் தரட்டுமா என்றுதான் கடைக்காரர் கேட்டார். சொந்தக் கத்தி இருக்கிறவன் அடுத்தவனிடம் சீவிக்கொண்டு வருவானா? உங்கள் முன்னாலேயே ஒரு வெட்டு வெட்டினேன், இளநீர் பீய்ச்சியடித்தது. நீங்கள் சோபாவில் சற்றுத் தள்ளி உட்கார்ந்திருந்தால் வேட்டி தப்பித்திருக்கும். அதற்குப் போய், "ஏனுங்க, இது பொண்ணு பாக்கற ஊடா, கசாப்புக் கடையா?" என்று தெருவே கேட்கக் கத்திவிட்டு, ஒரு காலில் செருப்போடு ஆட்டோ ஏறினால் நான் என்ன செய்வது?

ஒன்று சொல்கிறேன். நஞ்சன்கூடு ஃபேக்டரியிலிருந்து ரிட்டயர் ஆன பிறகு என்னை யாரும் தேடி வந்ததில்லை. இந்தக் கத்தி வந்த பிறகுதான், தேங்காய் உரிக்க, பலாப்பழம் பிளக்க என்று அய்யாசாமி சாரைத் தேடி ஆள் வருகிறது. அது எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? யாருக்காகவும் அதை விடமாட்டேன். வேறு இடம் பார்ப்பதென்றால் தாராளமாகப் பாருங்கள்.

தங்கள் குடும்பத்துக்குச் சாமுண்டித் தாய் துணையிருக்கட்டும். மற்றொரு செருப்பு என்னிடம் பத்திரமாக இருக்கிறது.

இப்படிக்கு, அசையாத
அய்யாசாமி

பி.கு.: கடிதத்தை ஒட்டுமுன் கத்தியை ஒருமுறை பார்க்கப் போனேன். காணோம். நேற்று உங்கள் மகன் கிரண் வந்தபோது என் மகள் அனுப்ரியாதான் கொடுத்தனுப்பினாளாம். உங்கள் வீட்டம்மா மாதம்மா ராணிக்கு போன் செய்து, "எளநி, பூசணி எல்லாம் ஒரே வெட்டுங்க. அய்யாசாமி அண்ணங் கேட்டாலுஞ் சரி, எங்கூட்டுக்காரரு கேட்டாலுஞ் சரி, தரமாட்டனுங்க" என்றார்களாம். தூக்கிப் போடச் சொல்லி அவரிடம் நீங்களே பேசிக்கொள்ளுங்கள். என் வீட்டில் இப்போது கத்தி இல்லை. சீக்கிரம் முகூர்த்தத்துக்கு நாள் பாருங்கள். சம்பந்தி என்கிற உரிமை இல்லாமல் அதைப் பார்க்க நான் எப்படி அங்கே வருவது?