எழுத்தாளருக்குத் தேவையான அமைதி

வாஷிங் மெஷினில் துணி முந்தாநாளிலிருந்து ஊறிக்கொண்டிருந்தது. மெஷின் ஓடினால் சத்தம் வரும். சத்தம் வந்தால் மருமகளுக்குக் கதை வராது என்று மாமியார் அதைப் போடவில்லை.

மருமகள் ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பாளர். பல்வலிக்காரர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டே காலம் போய்விடக் கூடாதென்று எழுத உட்கார்ந்தவள். அவள் அனுப்பிய முதல் இரண்டு பக்கத்தைப் படித்த பத்திரிகை ஆசிரியர், "நல்லா இருக்கு. மாசக் கடைசிக்குள்ள முழுசா அனுப்புங்க, போடுறேன்" என்றார். அன்றிலிருந்து மூன்றாவது பக்கம் வரவே மாட்டேன் என்று அடம்பிடித்தது.

"வீடு அமைதியா இருந்தா எழுதிடுவேங்க" என்றாள் கணவனிடம்.

கணவன் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். டிவியை அணைத்தான். கதவுக் கீலுக்கு எண்ணெய் விட்டான். மிக்ஸியைப் பரணில் ஏற்றினான். வீடு கப்சிப் ஆனது. இப்போது ஃப்ரிட்ஜ் உறுமுவது கேட்டது.

"அதையும் நிறுத்தட்டுமா?"

நிறுத்தினான். பால் திரிந்தது. கதை நகரவில்லை.

"விடியக்காலையில உக்காந்தா தானா கொட்டும்னு சொல்றாங்க" என்றாள்.

விடியற்காலையில் எழுந்தாள். கதை கொட்டவில்லை, வேலையில் தூக்கம்தான் சொக்கியது. பல்லைச் சுத்தம் செய்ய வந்தவரைப் பல் பிடுங்கும் அறைக்கு அனுப்பிவிட்டாள். நல்லவேளை, அந்த டாக்டர் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் பிடுங்குவார்.

கடைசியில் படுக்கையறையையே அவளுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, அம்மாவும் மகனும் கூடத்தில் சைகையில் குடித்தனம் நடத்தினார்கள். மாமியார் சைகையில் உப்பு கேட்டார். மகன் குடையை எடுத்து நீட்டினான்.

"உங்கப்பா மாதிரியே மண்டுடா நீ." மாமியாருக்கு வாய் திறந்துகொண்டது.

"அப்பாவை எதுக்கும்மா இழுக்கிற?"

அடக்கி வைத்ததெல்லாம் வெடித்தது. கீழ் வீட்டு டியூஷன் டீச்சர் படியேறி வந்து, "பிள்ளைங்க படிக்க வேணாமா?" என்று தன் பங்குக்குக் கத்தினார். அப்புறம்தான் மூவருக்கும் அறையின் நினைப்பு வந்தது.

கதவைத் திறந்து பார்த்தால், அவள் எழுதிக்கொண்டிருந்தாள். நாலு பக்கம் நிறைந்திருந்தது.

"கெடுத்துட்டோமா?" என்றான் கணவன்.

"பரவாயில்லீங்க" என்றாள் நிமிராமல்.

அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. பல் துளைக்கும் மெஷினுக்கும் குழந்தைகளின் அழுகைக்கும் நடுவே நாள் முழுக்க வேலை பார்த்துப் பழகிய மூளை அது. சுற்றிலும் அடங்கினால் அதுவும் கடையைச் சாத்திவிடும். ஆனால் வெளியே சொல்லவில்லை. சொன்னால் வெட்கப்பட்டு நிறுத்திவிடுவார்களே.

அதிர்ஷ்டவசமாக அவர்கள் நிறுத்தவில்லை. மறுநாள் ஈரத்துண்டை யார் கட்டிலில் போட்டது என்று சண்டை. அதற்கு மறுநாள் செருப்பு. இடையிடையே டீச்சர் வந்து, "உங்க வீட்டுத் தண்ணி எங்க பால்கனியில சொட்டுது" என்று சேர்ந்துகொள்வார். அவள் பேனா ஓடியது. மாசக் கடைசிக்கு முன்பே கதை போய்ச் சேர்ந்தது.

அச்சில் வந்த அன்று பல் டாக்டர், வாய் பிளந்து படுத்திருந்தவரிடமே பத்திரிகையைக் காட்டி, "எங்க ரிசப்ஷனிஸ்ட் எழுதினது" என்றார். வீட்டில் மாமியார் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தார். கணவன், வேலைக்குப் போன வீடுகளிலெல்லாம் சொல்லிவிட்டு வந்திருந்தான்.

"ஊர்ல ஆயிரம் யோசனை சொல்லுவாங்க" என்றாள் அவள், தலை நிமிர்ந்து. "நமக்கு எது ஒத்துவரும்னு நாமதான் கண்டுபிடிக்கணும். நான் யார் உதவியும் இல்லாம கண்டுபிடிச்சேன்."

"பின்ன?" என்றார் மாமியார் பெருமையாக. கணவனும் தலையாட்டினான்.

கையில் பத்திரிகையோடு டீச்சர் உள்ளே வந்தார். அவளைக் கட்டிக்கொண்டு வாழ்த்திவிட்டு, மாமியார் பக்கம் திரும்பினார்.

"அடுத்த கதைக்காவது எனக்கு வேற சண்டையா குடுங்கம்மா. சொட்டாத தண்ணியைச் சொட்டுதுன்னு எத்தனை நாள்தான் நானும் கத்துறது?"