கரைக்குள் போன தங்க விளிம்புக் குடை

செமாரங் துறைமுகத்தில் மூட்டை தூக்கும் என் மச்சான் சதிமினுக்கு, ஊரிலிருந்து கார்தோ எழுதுவது. உடம்பு எப்படி இருக்கிறது? இடுப்புவலி விட்டதா? உன் அக்கா வாகினெம் சௌக்கியம். என்னைத் திட்டும் குரலில் ஒரு குறையும் இல்லை.

வெள்ளம் வந்தது மச்சான், ஆனால் வயல் தப்பியது. எல்லாம் நம் தண்ணீர் அதிகாரி ராடென் சூர்யோவால். அந்த மனிதரை என்னவென்று சொல்ல! காப்பிக் கிடங்கில் எழுத்து வேலை, உப்புச் சாவடியில் காவல் என்று தேய்ந்து, தலை நரைத்த பிறகுதான் தங்க விளிம்புக் குடை வைக்கும் பதவி கிடைத்தது. காப்பி என்றதும் உன் எருமை நினைவு வருகிறது, கிடங்கில் புகுந்து... சரி, எருமை கிடக்கட்டும்.

ஆற்றங்கரை அரிக்கிறது என்றதும் ராடென் ஓடி வந்தார். பின்னாலேயே குடைக்காரன், குடையை விரித்தபடி. விரிந்த குடைக்கு முன்னால் யார் நிற்பது? ஊரே மண்கூடையைப் போட்டுவிட்டுக் குந்தியது. தண்ணீர் ஒன்றுதான் மரியாதை தெரியாமல் நின்றபடியே வந்தது.

"எந்திரிங்கப்பா! மண்ணக் கொட்டுங்க!"

"குடை விரிஞ்சிருக்கே எசமான், எப்பிடி எந்திரிக்கிறது?"

குடையை மடக்கச் சொன்னார். உடனே கிழவர் பாய்மான், "மடக்கின குடைக்கு ஏது அதிகாரம்? எங்கள வேலை ஏவ இப்ப நீங்க யாரு எசமான்?" என்றார்.

ராடென் குடையைப் பிடுங்கி, விரித்து, உடைப்புக்குள் செருகிவிட்டுத் தானும் குதித்தார். மார்பளவு தண்ணீர்!

"இப்பக் குடையும் இல்ல, அதிகாரியும் இல்ல! முங்கப்போற ஒருத்தன், அவ்வளவுதான்! மண்ணப் போடுங்கடா!"

மூழ்குகிறவன் முன்னால் குந்தியிருக்க எந்த முறையும் இல்லையே! பாய்ந்தோம். குடைமேல் மண் ஏறியது, கரை நின்றது. எழுதும்போதே உடம்பு சிலிர்க்கிறது. இனி அவரை யாரும் அசைக்க முடியாது. நீ கவலையில்லாமல் இரு. நெல்லம்மை உன் கலயத்தை நிறைக்கட்டும்.

பின்குறிப்பு: மாவட்டத்தை ஆளும் பூபதியின் ஆள் வந்திருக்கிறான். குடை அரசாங்கச் சொத்தாம். கரையைத் தோண்டி எடுத்துக் கொடுக்காவிட்டால் ராடெனின் பதவி போகுமாம். தோண்டினால் நம் வயல் போகும். ராடென் தலைப்பாகையைக் கழற்றி அவன் கையில் கொடுத்துவிட்டு, வெறுந்தலையோடு கரைமேல் உட்கார்ந்துவிட்டார். குடையில்லாத ஆளுக்கு யாரும் குந்த வேண்டியதில்லை. ஆனால் உன் அக்கா வாசலில் நின்று கத்துகிறாள்: "இன்னும் என்ன எழுத்து? ஊரே அவரு முன்னால குந்தியாச்சு, உங்க எடம் மட்டுந்தான் காலி!" இதோ வந்துவிட்டேன் என்று சொல்லிவிட்டு...