இழுவை லாரி வெறுமனே திரும்பிய காரணம்

வாத்துஸ்கோ,
செவ்வாய்க்கிழமை. மழை இன்னும் விட்டபாடில்லை.

பெருமதிப்புக்கும் பாசத்துக்கும் உரிய மாப்பிள்ளை ரமிரோ அவர்களுக்கு, மாமனார் எவாரிஸ்தோ கின்தானார் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தையும் நலம். என் கட்டைவிரல் நகம் ஒன்று மட்டும் கறுத்துப்போயிருக்கிறது, அதற்காகக் கவலைப்பட வேண்டாம். அங்கே கெரெத்தாரோவில் நீங்களும் மரிக்ரூஸும் என் பேத்தியும் ஆண்டவர் கருணையில் சுகமாக இருப்பீர்கள் என நம்புகிறேன்.

எங்கள் மேல் உள்ள அக்கறையில், முற்றத்தில் செத்துக் கிடந்த வோச்சோ காரைப் பழைய இரும்புக்கு எடுத்துப்போகச் சொல்லி ஓர் இழுவை லாரியை அனுப்பியிருந்தீர்கள். அது வெறுமனே திரும்பி வந்ததை லாரிக்காரர் தோன் நபோர் சொல்லியிருப்பார். ஜன்னல் விஷயத்தையும் சொல்லியிருப்பார். தங்கமான மனிதர்தான், ஆனால் எதையும் நடுவிலிருந்து சொல்ல ஆரம்பிக்கிறவர். ஆகையால் நானே முறையாக எழுதிவிடுகிறேன்.

அந்த வண்டு கார் உங்கள் அத்தை அம்பாரோவுடையது என்பது உங்களுக்குத் தெரியும். மலைக் கிராமத்துப் பள்ளிகளுக்குப் பாடம் நடத்த அதில்தான் போய்வந்தாள். சேற்றில் புதையும், இவள் இறங்கி நாலு வசவு வைவாள், அது கிளம்பிவிடும். அவள் ஓய்வு பெற்ற வருஷமே அதுவும் புகை கக்கி நின்றுபோயிற்று. அப்புறம் உங்கள் அத்தை டிவிக்கு முன்னால் உட்கார்ந்தவள்தான். "எங்கயாச்சும் போய்ட்டு வரலாமா?"ன்னு கேட்டா, "எதுல போறது?"ன்னு கேப்பா. பஸ் இருக்கே என்றால், "எவனோ ஓட்ட நான் பின்னால பொம்மை மாதிரி உக்காந்துட்டு வரணுமா?" என்று சத்தத்தைக் கூட்டிவைத்துவிடுவாள். அவள் பார்த்துக்கொண்டிருந்தது வானிலை அறிக்கை, மாப்பிள்ளை. நம்மூர் கூட இல்லை, வடக்கே எங்கேயோ பாலைவனத்து வானிலை.

அதைப் பார்த்த அன்றைக்குத்தான் போய்க் காரின் பின்பக்க இன்ஜின் மூடியைத் திறந்தேன். காலமெல்லாம் ஊரார் வாயைத் திறந்து பார்த்த பல் டாக்டர் நான். இதையும் ஒரு வாயாக நினைத்துக்கொண்டால் என்ன என்று தோன்றியது. பழைய புத்தகக் கடையில் பழுதுபார்க்கும் கையேடு ஒன்று கிடைத்தது. நாலே நாலு போல்ட்டுதான் இன்ஜினைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அதில் போட்டிருந்தான். அந்த நாலில் ஒன்று இருக்கும் இடத்தை எழுதாமல் விட்டிருந்தான். அதைத் தேடும்போதுதான் விரல் நசுங்கியது. கறிக்கடை செவேரோவும் அவன் மச்சானும் வந்து, பாதி மாட்டைத் தூக்குகிற மாதிரி இன்ஜினைத் தூக்கிக்கொண்டு, "எங்க வைக்கணும் டாக்டரே?" என்றார்கள். முற்றத்தில் முழங்கால் தண்ணீர். வீட்டிலேயே நல்ல வெளிச்சமும் ஆடாத கால்களும் உள்ளது சாப்பாட்டு மேஜைதான். நான் என்ன செய்யட்டும்?

அம்பாரோ டிவியிலிருந்து தலையைத் திருப்பிப் பார்த்தாள். திரும்பவும் டிவியைப் பார்த்தாள். அன்றிலிருந்து மடியில் தட்டை வைத்துக்கொண்டு சாப்பிட்டோம். சண்டை போட்டிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

ஆனால் மாப்பிள்ளை, அந்த வேலை இருக்கிறதே, அதை எப்படிச் சொல்வேன்! என் பழைய வாய்க்கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்க்கிறேன், மூன்றாவது சிலிண்டரில் ஒரு வால்வு விளிம்பில் கருகி, சொத்தைப் பல் போலவே இருக்கிறது! சந்தோஷத்தில் கத்தியேவிட்டேன். கரியையெல்லாம் பல் சுரண்டும் கருவியால் சுரண்டினேன், அலுமினிய மடிப்புகளைப் பிரஷ் போட்டுத் தேய்த்தேன், புது வால்வை அரைக்கும் பசை தடவி உள்ளங்கையால் உருட்டி உருட்டி உட்கார வைத்தேன். முதலில் கரகரவென்று இருக்கும். போகப் போக அந்தச் சத்தம் பட்டுத்துணி மாதிரி ஆகிவிடும். வளையம் முழுக்க ஒரே சாம்பல் நிறமாய்ப் படிந்ததும் நிறுத்த வேண்டியதுதான். என்னிடம் வந்த நோயாளிகள் எத்தனை பேர் பாதியில் எழுந்து ஓடியிருக்கிறார்கள். இது ஒரு வார்த்தை முனகாமல் வாயைத் திறந்தபடி படுத்திருந்தது.

புது பிஸ்டன்களின் குறுக்கே போக வேண்டிய ஊசித்தண்டு நுழைய மறுத்தது. சூடாக்கினால் நுழையும் என்கிறது கையேடு. நான், தமாலே என்கிற சோளக் கொழுக்கட்டை அவிக்கிற பெரிய பானையில் தண்ணீர் வைத்து, நாலு பிஸ்டனையும் தட்டின்மேல் அடுக்கி மூடிவிட்டுத் துணி எடுக்கப் போனேன். அதற்குள் உங்கள் அத்தை அடுப்படிக்கு வந்து மூடியைத் திறந்திருக்கிறாள். நான் வாசற்படியிலேயே நின்றுவிட்டேன். ஆவி அடங்கும்வரை உள்ளே பார்த்தவள், "இதுக்குப் பச்சைச் சட்னியா, சிவப்புச் சட்னியா?" என்றாள்.

எத்தனை நாளாயிற்று அவள் கேலி பேசிக் கேட்டு! "சிவப்பு" என்றேன். "அதானே பார்த்தேன்"னு சொல்லிட்டு, இடுக்கியால ஒவ்வொண்ணா எடுத்துக் குடுத்தா. நான் தண்டைத் தள்ளினேன், வெண்ணெயில் கத்தி போல உள்ளே போயிற்று. டிவி தனியாகப் பேசிக்கொண்டிருந்தது.

இப்படி நாங்கள் இரண்டு பேரும் இன்ஜினைப் பூட்டி முடித்த வேளையில்தான் நீங்கள் அனுப்பிய லாரி வந்து சேர்ந்தது. தோன் நபோர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு, "மருமகப்பிள்ளை அனுப்பினாரு, பழைய வண்டியைத் தூக்கிட்டுப் போகணும்" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் உங்கள் அத்தை, கையெல்லாம் கிரீஸோடு, "யார் வண்டியை?" என்றாள். "இங்க கிடக்கிற..." என்று அவர் இழுத்தார். "கிடக்கலை, நிக்குது. உள்ள வாங்க. பீன்ஸும் முட்டையும் இருக்கு, சாப்பிடுங்க. சாப்பிட்டதும் அந்தக் கிரேனோட எங்களுக்கு ஒரு சோலி இருக்கு" என்றாள். அவர் எங்கே உட்காருவது என்று பார்த்தார். மேஜையில் இன்ஜின். அவரும் மடியிலேயே தட்டை வைத்துக்கொண்டார்.

ஆக, வண்டியை எடுத்துப்போக வந்த கிரேன்தான் இன்ஜினைச் சாப்பாட்டு அறை ஜன்னல் வழியாக வெளியே தூக்கியது. ஜன்னலின் இடது கதவும் கூடவே போக ஆசைப்பட்டது, போய்விட்டது. அதே கிரேன் காரின் பின்பக்கத்தைத் தூக்கிப் பிடிக்க, நாங்கள் இன்ஜினை அதன் அடியில் தள்ளிப் பொருத்தினோம். அந்த ஒளிந்திருக்கும் நாலாவது போல்ட்டுக்கு என் கை நுழையவில்லை. "நகருங்க டாக்டரே" என்று உங்கள் அத்தை தோள்வரை கையை விட்டு, கண்ணை மூடிக்கொண்டு, தொட்டுப் பார்த்தே மாட்டிவிட்டாள். உங்கள் லாரிக்கு நீங்கள் கொடுத்த கூலி ஒரு பெசோ கூட வீண் போகவில்லை. மனமார்ந்த நன்றி.

சாவியைத் திருப்பினேன். முதலில் ஒரு இருமல், அடுத்து புகைக்குழாயில் பீரங்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம். பக்கத்து வீட்டு வான்கோழிகள் எங்கள் சுவரைத் தாண்டி வந்துவிட்டன. வான்கோழிக்காரி தோன்யா எல்பா தன் மாடியிலிருந்து, "இன்னைக்கு எந்தப் புனிதருக்குத் திருவிழா?" என்று கேட்டாள். இரண்டாவது வெடிக்குச் சிலுவையும் போட்டுக்கொண்டாள். நான் படியில் உட்கார்ந்துவிட்டேன். போச்சு, எல்லாம் போச்சு, கிழவனுக்கு எதுக்கு இந்த வேலைன்னு ஊரே சிரிக்கப்போவுதுன்னு நெனச்சேன். அம்பாரோ கையேட்டைப் புரட்டிக்கொண்டே, "பிளக் ஒயரை எப்படி மாட்டினீங்க?" என்றாள். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்றேன். "முப்பது வருஷம் பாடம் நடத்தியிருக்கேன், எந்த வகுப்புல புள்ளைங்க வரிசையா நின்னுச்சுங்க? ஒண்ணு, நாலு, மூணு, ரெண்டு. இங்க பாருங்க" என்று இரண்டு ஒயர்களை இடம் மாற்றினாள்.

கிளம்பிவிட்டது, மாப்பிள்ளை. தையல் மிஷின் மாதிரி. மூடியின் மேல் கையை வைத்தேன். அந்த நடுக்கம் மணிக்கட்டு வழியாக நெஞ்சுக்கு வந்தது. உள்ளே எது எதைத் தள்ளுகிறது, எது எங்கே எரிகிறது என்று ஒவ்வொன்றாக எனக்குத் தெரியும். ஒவ்வொன்றையும் தொட்டவன் நான். தோன் நபோர் தொப்பியை மறுபடி கழற்றினார். உங்கள் அத்தை கிரீஸ் கையாலேயே என் கன்னத்தைத் தட்டினாள்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை பேத்தியின் ஞானஸ்நானத்துக்கு நாங்கள் இருவரும் வோச்சோவிலேயே வருகிறோம். உங்கள் அத்தைக்கு முழங்கால் வலி இருப்பதால் நான் ஓட்டுவேன், அவள் பக்கத்தில் இளைப்பாறிக்கொண்டு வருவாள். மரிக்ரூஸுக்கு முத்தங்கள், சம்பந்தியம்மாவுக்கு வணக்கம், குழந்தையின் நெற்றியில் எனக்காக ஒரு சிலுவை வரையுங்கள். உங்கள் வீட்டுக் கூரையும் உங்கள் காரின் நாலு சக்கரமும் மாதாவின் காவலில் இருக்கட்டும்.

என்றும் உங்கள் நலம் நாடும்,
எவாரிஸ்தோ கின்தானார், பல் மருத்துவர் (ஓய்வு)

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது முற்றத்தில் இன்ஜின் கிளம்பும் சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் கேட் திறந்து கிடக்கிறது. உங்கள் அத்தை, தோன்யா எல்பாவை முன்சீட்டில் ஏற்றிக்கொண்டு, பழைய பள்ளிக்கூடங்களையெல்லாம் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு அப்படியே கடலுக்கும் போய் வருவதாகக் கறிக்கடையில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். முழங்கால் வலியாம்! மழையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். மேட்டு வளைவில் இரண்டாவது கியருக்கு மாற்றினாள். துளி திணறவில்லை, அழகாக ஏறிப் போயிற்று. நான் பஸ்ஸில் வருகிறேன். அவள் அதற்குள் திரும்புவாளோ என்னவோ, ஞானஸ்நானத்தை அடுத்த ஞாயிற்றுக்குத் தள்ளிவைக்க முடியுமா என்று உங்கள் பாதிரியாரிடம் மட்டும் கொஞ்சம் கேட்டு வையுங்கள்.