செயற்கைக் காது கெடுத்த சம்பந்தம்

டான்டாவில் இருக்கும் அருமை மச்சான் ருஷ்திக்கு, அலெக்சாந்திரியாவிலிருந்து உன் அக்கா புருஷன் வக்தி ஸலாம் கூறி எழுதிக்கொள்வது. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும், இதைப் படித்து முடிக்கும்வரை பொறுமையையும் தரட்டும். இங்கே எல்லோருக்கும் உடம்பு நன்றாக இருக்கிறது. மற்றபடி ஒன்றும் நன்றாக இல்லை. என் போனை நீ எடுப்பதில்லை, அதனால்தான் இந்தக் கடிதம்.

நீ பார்த்துக் கொண்டுவந்த மாப்பிள்ளை ஹைஸமை நான் திருப்பி அனுப்பியது உண்மைதான். பையன் தங்கம், தப்பு என்னுடையது. துறைமுக வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் நான் வாங்கிய செயற்கைக் காதைப் பற்றி உன் அக்கா நாஹித் உன்னிடம் அழுதிருப்பாள். பெரிய ஆய்வுக்கூடத்தில் இருப்பது கார் விலை. என்னுடையது அதைப் பார்த்துச் செய்த மலிவுச் சரக்கு. சின்ன எஃகுக் குழாய், அடியில் ஒரு மைக். காதுக்குள் மாட்டும் இயர்போனை அதில் செருகினால், எந்தச் சுருதி எவ்வளவு கேட்கிறது என்று கம்ப்யூட்டர் கோடு போட்டுக் காட்டும். எள்ளளவு ஆழம் மாறினாலும் கோடு மாறும், தெருவில் டிராம் போனால் போச்சு, ஃபிரிட்ஜ் உறுமினால் போச்சு. இதையெல்லாம் புரிந்துகொண்ட ஒரே மனுஷன் ஹைஸம்தான். பெண் பார்க்க வந்த அன்றே, எங்கள் பெண் ரீஹாம் நீட்டிய ஷர்பத்தை ஓரமாக வைத்துவிட்டு, "மாமா, இயர்போன் முனைல எந்த சைஸ் ரப்பர் மாட்டுறீங்க?" என்று கேட்டானே, எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. அதன்பிறகு வெள்ளிக்கிழமைதோறும் தொழுகை முடிந்த கையோடு ஒரு பை நிறைய இயர்போன்களோடு வந்துவிடுவான். அந்த நாளுக்காகவே வாரம் முழுக்கக் காத்திருப்பேன், மச்சான்.

ஃபாத்திஹா ஓதி நிச்சயம் செய்ய அவர்கள் வீட்டார் வருவதாக இருந்த நாளிலும் அவன் முன்னாடியே வந்துவிட்டான். "நான் எவ்வளவு சத்தமா பாட்டு கேக்கறேன்னு அளந்து பாருங்களேன் மாமா" என்றான். அதுவரை நான் கோட்டின் வடிவத்தைத்தான் பார்த்தேனே தவிர, சத்தத்தின் அளவைப் பார்த்ததே இல்லை. அதற்கு முதலில் மைக்கைப் பழக்க வேண்டும். ஒரே அளவில் விசில் அடிக்கும் சின்னப் பெட்டி ஒன்று இருக்கிறது. அதை மைக்கில் மாட்டி, இதுதான் இத்தனை டெசிபல் என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லிவிட்டால் அது மற்றதைக் கணக்குப் போட்டுக்கொள்ளும். பெட்டியில் தொண்ணூற்று நாலுக்கும் நூற்றுப் பதினாலுக்கும் ஒரு சுவிட்ச். சுவிட்ச் கீழே, தொண்ணூற்று நாலில் இருந்தது, நான் மேலே உள்ள நூற்றுப் பதினாலைச் சொல்லித் தொலைத்தேன். ஃபிரிட்ஜை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு மத்தியானம் முழுக்கத் திரும்பத் திரும்ப அளந்தாலும் நூறைத் தாண்டியே நிற்கிறது!

"ஏன்டா, இது பாட்டா, ரோடு உடைக்கிற மிஷினா?"

"மெதுவாத்தான் மாமா வெச்சிருக்கேன்."

"கருவி பொய் சொல்லுமா? நாப்பது வயசுல செவிடாகப் போறவனுக்கு எம்பொண்ணக் குடுத்துட்டு நான் எப்படிடா நிம்மதியா சாவேன்?"

அந்த நேரம் பார்த்து அவன் வீட்டார் உள்ளே நுழைந்தார்கள். நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு போய் அவன் அப்பாவிடம் காட்டினேன். இதற்குள், நிறுத்திய ஃபிரிட்ஜை நான் மறுபடி போட மறந்ததால், நாஹித் சுத்தம் செய்து வைத்த இறால் எல்லாம் வாடை அடிக்க ஆரம்பித்துவிட்டது. அந்த மனுஷர் எழுந்து, "எங்க பையன் காது நல்லாத்தான் இருக்கு. உங்க வீட்டு இறாலுக்குத்தான் உடம்பு சரியில்ல" என்று சொல்லிவிட்டு, எல்லோரையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார். நாஹித் இறாலைத் தூக்கிக் குப்பையில் கொட்டினாள்.

பிறகு ஒருநாள் எதையும் செருகாமல் வெறும் குழாயை அளந்து பார்த்தேன். ஈ, காக்காய் இல்லாத அறையில் நாலு பேர் சண்டை போடும் அளவுக்குச் சத்தம் காட்டுகிறது. அப்போதுதான் சுவிட்சைப் பார்த்தேன். பாவி நான், அவன் மேல் இருபது டெசிபல் அபாண்டமாகச் சுமத்தியிருக்கிறேன். நீ உடனே அவர்கள் வீட்டுக்குப் போ. நல்ல பஸ்பூஸா இனிப்பாக ஒரு தட்டு வாங்கிக்கொண்டு போ. வக்திக்கு மூளை குழம்பிவிட்டது என்று சொல், பரவாயில்லை. எப்படியாவது இந்தச் சம்பந்தத்தை ஒட்ட வைத்துவிடு, உனக்குப் புண்ணியமாகப் போகும்.

உன் மனைவிக்கு ஸலாம், பிள்ளைகளுக்கு முத்தம். உன் வீட்டில் என்றும் பரக்கத் குறையாமல் இருக்கட்டும்.

தலைகுனிந்து,
வக்தி

பின்குறிப்பு: இதைத் தபாலில் போடச் சொல்லி ரீஹாமிடம் கொடுத்தேன். பிரித்துப் படித்துவிட்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள்.

"அப்பா, சுவிட்ச் கீழ இருந்தத நான் அன்னிக்கே பாத்தேன்."

"அடிப்பாவி! ஏன் சொல்லல?"

"அவர வேண்டாம்னு நீங்க சொல்ல வேற வழி இருந்துச்சா? இத்தனை வெள்ளிக்கிழமை வந்தாரே, எங்கிட்ட ஒரு வார்த்தை பேசினாரா? நம்ம ருஷ்தி மாமா உங்களுக்குத்தாம்ப்பா மாப்பிள்ளை பாத்திருக்காரு."

அவள் சொன்னது நிஜம்தான், மச்சான். அவளிடம் பிடித்திருக்கிறதா என்று நான் கேட்கவே இல்லை. ஆகவே மேலே எழுதியது எதையும் செய்யாதே. போய் மன்னிப்பு மட்டும் கேட்டுவிட்டு வா. அப்படியே ஹைஸமைத் தனியாகக் கூப்பிட்டு, ரீஹாம் வீட்டில் இல்லாத வெள்ளிக்கிழமைகளில் வருவானா என்று கேட்டுப் பார். இந்த வரியை அவள் படிக்கக் கூடாது, கடிதத்தை நானே தபாலில் போட்டுக்கொள்கிறேன்.