காத்து மெக்கானிக்கின் ஒரே கேள்வி

திருவையாற்றிலிருந்து எங்கள் ஊர் வரைக்கும், காத்து மெக்கானிக்கின் கேள்விக்குச் சரியான பதில் சொன்ன மனிதர் ஒருவர்கூடக் கிடையாது. வக்கீல் சொல்லவில்லை, டாக்டர் சொல்லவில்லை, உரக்கடைக்காரர் சொல்லவே இல்லை. பத்தாம் வகுப்புக்கு வருஷா வருஷம் ஒளிச்சேர்க்கை நடத்தும் நானும் சொல்லவில்லை.

பட்டப்பெயரைக் கேட்டுவிட்டு வெளியூர்க்காரர்கள் பஞ்சரான வண்டியைத் தள்ளிக்கொண்டு அவர் பட்டறை வாசலில் வந்து நிற்பார்கள். அவர் பம்புசெட் ரிப்பேர்காரர். "நாம திங்கிற சோறு பாதிக்கு மேல காத்துங்க" என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்ததால் வந்த பெயர் அது.

என் கணவர் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனதும் இரண்டு ஏக்கர் சம்பா என் தலையில் விழுந்தது. முதல் மாதமே மோட்டார் புகைந்தது. காத்து மெக்கானிக் வந்தார். மோட்டாரைப் பிரித்துப் போட்டுவிட்டு, ஸ்பேனரும் கையுமாக என்னைப் பார்த்தார்.

"டீச்சர், ஒரு மூட்டை நெல்லு இருக்கு. அந்தக் கனமெல்லாம் எங்கேருந்து வந்துச்சு?"

"மண்ணுலேருந்துதாங்க. வேர் உறிஞ்சி எடுக்குது."

ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார். "வருஷா வருஷம் லாரி லாரியா ஏத்தி விடுறோம். அவ்வளவும் மண்ணுலேருந்து போயிருந்தா, உங்க வயலு இந்நேரம் குளமா ஆயிருக்கணுமே?"

எனக்குக் காது சூடாகிவிட்டது. கரியமில வாயு, நீர், சூரிய ஒளி, பச்சையம் என்று அம்புக்குறி போட்டுக் கரும்பலகையில் எத்தனை தடவை வரைந்திருப்பேன்! அந்த அம்புக்குறி ஒன்றுகூடப் பள்ளிக்கூடத்துக் காம்பவுண்டைத் தாண்டி என் வயலுக்கு வந்ததில்லை.

"இலையிருக்கே, அதுதான் அடுப்பு. காத்தையும் தண்ணியையும் வெயில்ல சமைக்குது. மண்ணு, குழம்புல உப்பு மாதிரி. உப்பில்லாம குழம்பு இல்ல. அதுக்காக உப்பே குழம்பாயிடுமா?"

"இதெல்லாம் எங்க படிச்சீங்க?"

"படிக்கலீங்க, பாத்தேன்" என்றார். வளைகுடாவில், பாலைவனத்து நடுவே கண்ணாடிக் கூடாரம் போட்டு வெள்ளரிக்காய் வளர்க்கிற பண்ணையில் ஆறு வருஷம் மோட்டார் பார்த்தாராம். அங்கே சிலிண்டரில் கரியமில வாயுவை வாங்கிச் செடிகளுக்குத் திறந்துவிடுவார்களாம். அதைக் குடித்துக் காய் கொழுக்குமாம். "காத்த வெலைக்கு வாங்குறாங்க டீச்சர்! நமக்கு ஆத்தங்கரைலேருந்து சும்மா அடிக்குது. ஒருத்தனுக்காவது தெரியுதா?"

தெரியாதவர்களுக்குத் தெரிவிப்பதை அவர் முழுநேரத் தொழிலாக வைத்திருந்தார், மோட்டார் பகுதிநேரம். ஒரு வீட்டில் காதுகுத்துக்கு வைத்த பிளக்ஸ் போர்டு, பக்கத்து முருங்கைமரத்துக்கு வெயில் படாமல் மறைத்துக்கொண்டு நின்றது. ஏணி போட்டு ஏறி, போர்டை அவிழ்த்துச் சுவர்ப் பக்கம் திருப்பிக் கட்டிவிட்டார். போர்டில் கைகூப்பி நின்ற தாய்மாமன் நேரிலேயே ஓடி வந்தார்.

"யோவ், என் மூஞ்சிய ஏன்யா செவுத்தப் பாக்கத் திருப்புன?"

"நீங்க மத்தியானம் பந்தியில சாப்பிட்டுடுவீங்க. இந்த முருங்கை மூணு நாளாப் பட்டினிங்க."

போன கார்த்திகையில் நாலு நாள் விடாத மழை. வடிகால் தண்ணீர் எதிர்த்து வந்து வயலுக்குள் புகுந்தது. பயிர் இருந்த இடத்தில் வெறும் தண்ணீர். வீடியோ காலில் என் கணவருக்குக் காட்டினேன். நான் தனியாகப் பார்த்த முதல் சம்பா அது. போனை அணைத்துவிட்டு வரப்பிலேயே அழுதேன்.

கூப்பிடாமலே வந்தார் காத்து மெக்கானிக். குட்டியானை வண்டியில் டீசல் இன்ஜின். "நுனி மட்டும் வெளிய தெரிஞ்சா போதும் டீச்சர், மிச்சத்த அது பாத்துக்கும்." இரண்டு நாள் இறைத்தார். நுனி தெரிந்தது, பிறகு பயிரே தெரிந்தது. அடையாளம்தான் தெரியவில்லை. இலை முழுக்கச் செம்பழுப்புச் சேறு.

"உடனே யூரியா போடுங்க" என்றார் உரக்கடைக்காரர். நான் அன்னக்கூடையில் அள்ளிக்கொண்டு இறங்கினேன். வரப்பில் ஒரு கூச்சல்.

"டீச்சர்! கூடையக் கீழ வைங்க! அடுப்பு சேறு பூசிக் கெடக்கு. மளிகைச் சாமான் வாங்கிக் குடுத்து என்ன பண்றது? மொதல்ல அடுப்பக் கழுவுவோம்."

கைத்தெளிப்பானில் போர்வெல் தண்ணீரை நிரப்பி, ஆளுக்கொரு பக்கமாக இலைகளைக் கழுவ ஆரம்பித்தோம். ரோட்டில் பைக்குகள் வரிசையாக நின்றன.

"நாலு நாள் முழுகிக் கெடந்த பயிருக்கு டீச்சரம்மா தண்ணி தெளிக்கிறாங்கடா!"

சிரிப்பு மடை உடைந்து வந்தது. இது பலிக்காவிட்டால் நான் ரிட்டயர் ஆகும்வரை இந்த ஊரில் தலைகாட்ட முடியாது என்று தோன்றியது. அவரோ நிமிரவேயில்லை. "சிரிச்சது போதும்ப்பா. வீட்டுல தெளிப்பான் இருந்தா எடுத்துட்டு வாங்க" என்றார். அதில் இரண்டு பேர் நிஜமாகவே எடுத்துக்கொண்டு வந்தார்கள்.

பத்தாம் நாள் குருத்துப் பச்சை எட்டிப் பார்த்தது. "இப்பப் போடுங்க" என்றார், யூரியா போட்டேன். வடிகாலோரத்து மூலை அழுகித்தான் போயிற்று. மற்றதெல்லாம் கதிர் வாங்கித் தலை சாய்ந்தது.

அறுப்பு மெஷின் வந்த காலையில் அவரும் வந்திருந்தார். "உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியலீங்க" என்றேன்.

"எனக்கெதுக்குங்க? நான் ஒரு வாளி தண்ணி ஊத்தினேன். வெயில்ல நின்னு சமைச்சது அது. அதுக்கிட்ட சொல்லுங்க" என்று வயலைக் காட்டிவிட்டு, மெஷினில் ஏதோ சத்தம் கேட்கிறது என்று அந்தப் பக்கம் நடந்தார்.

நான் சுற்றுமுற்றும் பார்த்தேன். என்னிடம் படிக்கிற பிள்ளைகள் யாரும் இல்லை. பயிரைப் பார்த்து, "ரொம்ப நன்றிங்க" என்றேன்.

நடந்துகொண்டிருந்தவர் காதிலும் விழட்டும் என்று, கொஞ்சம் சத்தமாகத்தான் சொன்னேன்.